புதுப்பிப்பு: படித்தது மறுவாரமே மறக்கிறது – மூடிவைத்து எழுதியதில் சரியானது

டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வுக்காக அரசியலமைப்பை நான்கு முறை படித்தும் நிற்கவில்லை என்று புலம்பியிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

அடிக்கோடிட்டதில் பக்கம்தான் மஞ்சளானது. புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்ன யோசனைதான் பலித்தது. மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள் என்று ஒரு மாதம் எழுதினேன். நீதிப்பேராணைக்கு (ரிட்) உச்ச நீதிமன்றம் என்றால் சட்டப்பிரிவு 32, உயர் நீதிமன்றம் என்றால் 226. இப்போது தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

எதிர்பாராதது, முதல் வாரம் மூன்று வரிகூடத் தேறவில்லை. விட்டுவிட இருந்தேன். அப்புறம்தான் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரின் 2006 ஆய்வு கண்ணில் பட்டது: 5 நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்களே முன்னிலை, ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவில் நின்றது 42 சதவீதம், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

எழுதியதை உடனே சரிபாருங்கள். நான் சரிபார்க்காத நாளில் தப்பான சட்டத்திருத்த எண்ணே பதிந்துவிட்டது.