டிரினிடாட் கார்னிவலின் பழைய வேஷங்கள் இன்னும் தெருவில் வருகின்றனவா?

ஊர்சுற்றி:
கரீபியன் தீவான டிரினிடாட்டின் கார்னிவல் திருவிழா வீடியோ எதைப் போட்டாலும் இறகும் மணியும் தைத்த நீச்சலுடை, பாட்டு லாரிக்குப் பின்னால் ஆடும் கூட்டம், அவ்வளவுதான். ஒரே ஒரு வீடியோவில் மட்டும் பிரம்மாண்டமான தொப்பி போட்ட ஆள் ஒருவர் விசில் ஊதிக்கொண்டு வந்து, தெருவில் போகிறவரை மறித்து மூச்சு விடாமல் வசனம் பேசுகிறார். கையில் சவப்பெட்டி மாதிரி ஒரு சின்னப் பெட்டி. யார் இவர்? நேரில் பார்க்க முடியுமா?

மேளக்காரன்:
அவர் மிட்நைட் ராபர், நள்ளிரவுக் கொள்ளைக்காரன் வேஷம். அந்தப் பெட்டி வசூலுக்கு. தான் பிறந்த அன்று பூமி பிளந்தது, கடல் வற்றியது என்று அளந்துகொண்டே இருப்பார், காசு விழும்வரை விடமாட்டார். பேச்சு வராவிட்டால் எவ்வளவு பெரிய தொப்பி போட்டும் பிரயோஜனமில்லை. பியரோ கிரெனேடும் வாயை வைத்துப் பிழைக்கிற வேஷம்தான்: உடம்பெல்லாம் துணிக் கீற்று, பெரிய படிப்பாளி என்கிற நினைப்பு, எவ்வளவு நீளமான சொல்லைக் கொடுத்தாலும் அசை அசையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை கட்டி, போகிற போக்கில் அரசியல்வாதிகளையும் ஒரு பிடி பிடித்துவிடுவார்.

எனக்குப் பிடித்தது பேபி டால். கொசுவம் வைத்த கவுன், கையில் பொம்மைக் குழந்தை. கூட்டத்தில் யாராவது ஓர் ஆணைப் பிடித்து, இது உன் பிள்ளை, பால் வாங்கக் காசு கொடு என்று ஊரே கேட்கக் கத்துவாள். பக்கத்தில் மனைவி நின்றால் தொலைந்தார்!

நீலமசி:
டேம் லொரெய்னை விட்டுவிட்டீர்களே. பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் வீட்டுச் சீமாட்டிகளைக் கிண்டலடிக்கும் வேஷம். மார்பிலும் பின்புறத்திலும் துணியைத் திணித்து, பூப்போட்ட நீளக் கவுன் மாட்டி, கம்பிவலை முகமூடியில் கண்ணும் உதடும் தீட்டி, விசிறியோடு குலுக்கிக்கொண்டு வருவார்கள். 1838-இல் அடிமைத்தனம் முழுதாக ஒழிந்தபின் தெருக் கார்னிவல் விடுதலையானவர்கள் கைக்கு வந்தது. 1881-இல் கேன்போலே என்கிற தீப்பந்த ஊர்வலத்தைப் போலீஸ் அடக்கப் பார்த்துப் பெரிய கலவரமே ஆனது. இதை வெறும் கோமாளித்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஊர்சுற்றி:
அருமை. மேடைப் போட்டியில் பார்த்தால் போதுமா?

மேளக்காரன்:
போதாது. மேடையில் ராபர் நடுவர்களிடம் பேசுவார். மறிக்க ஆள் இல்லாத ராபர் என்ன ராபர்?

நீலமசி:
அது கொஞ்சம் அநியாயம். போட்டியும் பயிற்சியும் இல்லையென்றால் பாதி வேஷம் எப்போதோ போயிருக்கும். தலைநகரையொட்டிய கோக்கோரீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கே மரக்கால் ஏறக் கற்றுக்கொடுத்ததால்தான் மரக்காலில் நடக்கும் வேஷக்காரர்களான மோக்கோ ஜம்பிகள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள். 2016-இல் கார்னிவல் வேஷ வடிவமைப்பாளர் பீட்டர் மின்ஷல் கார்னிவல் ராஜா போட்டிக்கு ஒரு மோக்கோ ஜம்பியை அன்னமாக்கி, அந்த உயரத்தில் பாலே ஆடவிட்டார். அதுவும் மேடைதானே!

மலைப்பாதை:
சண்டை இருக்கட்டும், கேட்டவருக்குப் பதில். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கள், செவ்வாய்தான் கார்னிவல். திங்கள் சாயங்காலம் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு வடக்கே மலைமேல் பராமினுக்குப் போங்கள். உடம்பெல்லாம் நீலச் சாயம் பூசிய நீலப் பிசாசு வேஷங்கள் பிஸ்கட் டின்னை அடித்துக்கொண்டு, வாயிலிருந்து நெருப்பை ஊதி, நேராக உங்கள் முகத்துக்கு எதிரே வந்து கை நீட்டும். சின்ன டாலர் நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், கொடுக்காவிட்டால் கட்டிப்பிடித்துச் சாயத்தை அப்பிவிடும். நல்ல சட்டை வேண்டாம்.