மருந்து ரவுண்டில் பாதியில் நிறுத்திவிட்டார்கள், என்ன செய்வது? அவசரம்

புதுவரவு:
எல்லோருக்கும் வணக்கம். வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வில் நர்ஸாக இருந்தவள் நான். நேற்று காலை நோயாளிகளுக்கு வரிசையாக மருந்து கொடுக்கும் ரவுண்டில் ஒரு சீனியர் கூடவே வந்தார். பாதியில் நிறுத்தி, இனிமேல் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு மாத்திரைகூட மாற்றிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்பார்களாம். விசா போய்விடுமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மருந்தியலில் எந்தப் புத்தகம் படிக்கட்டும்?

துபாய்_பிரதர்:
கவலையை விடுங்கள் சிஸ்டர். வளைகுடா நாட்டு லைசன்ஸுக்கான ப்ரோமெட்ரிக் தேர்வுக் கேள்விகளை ஒரு சுற்று போட்டுப் பாருங்கள், எல்லாம் வந்துவிடும். ஏஸ் இன்ஹிபிட்டர் என்றால் வறட்டு இருமல், பீட்டா பிளாக்கர் என்றால் நாடி பார், ஹெப்பரினுக்கு புரோட்டமின், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே, மார்ஃபினுக்கு நலாக்சோன். நான் இப்படித்தான் பாஸ் செய்தேன். ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்தால் போதும்.

குளிர்_பாண்டி:
நான் நர்ஸ் இல்லை, கேர் ஹோமில் இருக்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன். முதல் குளிர்காலம்தான் நம்மை உடைக்கும், வேலை இல்லை. நான் வந்தபோது அறையில் ஹீட்டர் வேலை செய்யாது. வீட்டுக்காரரிடம் சொன்னால் இரண்டு ஸ்வெட்டர் போடு என்பார். நாலு மணிக்கே இருட்டு. சாம்பார் தாளித்தால் பக்கத்து அறைக்காரன் ஜன்னலைத் திறந்துவிடுவான், இருக்கிற சூடும் போகும். மனசு சரியில்லாதபோது வேலையில் எது செய்தாலும் தப்பாகத்தான் தெரியும். வைட்டமின் டி எடுங்கள். நல்ல கோட்டாக ஒன்று வாங்குங்கள், மலிவாக வாங்காதீர்கள்.

மிட்லண்ட்ஸ்_அக்கா:
முதலில் எந்த நாடு என்று சொல்லம்மா. எந்த வார்டு? நர்ஸ் பதிவுக்கான பின் நம்பர் வந்துவிட்டதா, இல்லை ஓஸ்கி செய்முறைத் தேர்வு இன்னும் முடியவில்லையா? அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது? இது தெரியாமல் ஆளாளுக்கு ஒன்று சொன்னால் உனக்குத்தான் தலை சுற்றும்.

நைட்_டூட்டி_நெல்லை:
யு.கே.வாகத்தான் இருக்கும். ஒரு சூட்சுமம் சொல்கிறேன், ரொம்பக் கேள்வி கேட்காதீர்கள். கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று முத்திரை குத்திவிடுவார்கள். இன்சுலினுக்கு மட்டும் இரண்டாவது நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுப் போடுங்கள். அது கட்டாயம்.

மிட்லண்ட்ஸ்_அக்கா:
தம்பி, தோலடி இன்சுலினுக்கு எங்கள் வார்டில் ஒரு ஆள் போதும். கட்டாயம் என்று பொதுவாகச் சொல்லாதே. கேள்வி கேட்காதே என்பது அதைவிட மோசம். தெரியாத மருந்தை பி.என்.எஃப். மருந்துக் கையேட்டைப் பார்க்காமல் கொடுத்தால்தான் இங்கே கோபப்படுவார்கள்.

நைட்_டூட்டி_நெல்லை:
உங்கள் வார்டு உங்களுக்கு அக்கா. எங்களிடம் இரண்டு கையெழுத்து இல்லாவிட்டால் மறுநாளே சம்பவ ரிப்போர்ட்தான். அதுவும் நம் ஆட்கள் மேல் என்றால் உடனே எழுதுவார்கள். ஊரில் ராத்திரிக்கு முப்பது பேரைத் தனியாகப் பார்த்தவர்கள் நாம். இங்கே எட்டு பேருக்கு மாத்திரை கொடுக்கத் தகுதி இல்லையாம்!

குளிர்_பாண்டி:
அதைச் சொல்லுங்கள். நமக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் பேண்ட் 6 சம்பளப் படிக்குப் போய்விட்டார்கள். நாம் அதே இடத்தில். இதில் வேலைக்கு வந்து கார் நிறுத்தவும் காசு.

துபாய்_பிரதர்:
இங்கே வரி இல்லை. சும்மா சொல்லி வைத்தேன்.

நைட்_டூட்டி_நெல்லை:
வரி இல்லை, பென்ஷனும் இல்லை பிரதர்.

புதுவரவு:
மன்னிக்கவும், டூட்டியில் இருந்தேன். யு.கே.தான். பின் வந்துவிட்டது. சர்ஜிக்கல் வார்டு. தாளில் இருப்பது இதுதான்: நோயாளி அடையாளம் சரிபார்க்கவில்லை, அலர்ஜி கேட்கவில்லை, மாத்திரையைக் கட்டில் பக்கத்து லாக்கர் மேல் வைத்துவிட்டு நகர்ந்தார். அந்த நோயாளி ஒரு பாட்டி, முந்தின நாள் முழுக்க அவரை நான்தான் பார்த்தேன். "நீங்கள்தானே மிஸஸ் இன்னார்?" என்று கேட்டேன், ஆமாம் என்றார். பெயர் எழுதிய கைப்பட்டையை வேறு தினமும் பார்க்க வேண்டுமா? டீ குடித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்று அவர்தான் மாத்திரையை வைக்கச் சொன்னார்.

யாழ்_பார்மசிஸ்ட்:
தங்கச்சி, நான் ஆஸ்பத்திரி பார்மசிஸ்ட். புத்தகத்தை மூடி வையுங்கோ. உங்களுக்கு மருந்தியல் தெரியும், அதில் ஒருவரும் குறை சொல்லவில்லை. இங்கே மருந்து சரியான ஆளுக்குப் போனதா என்று மட்டும் பார்ப்பதில்லை, எந்த வழியாகப் போனது என்றும் பார்ப்பார்கள்.

காது மந்தமான, மயக்க மருந்து இன்னும் தெளியாத ஒரு பாட்டி எந்தப் பெயரைச் சொன்னாலும் தலையாட்டுவா. அதனால் பெயரை நாம் சொல்லக் கூடாது. "உங்கள் முழுப் பெயரும் பிறந்த தேதியும் சொல்லுங்கோ" என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்லக் கைப்பட்டையோடும் மருந்துச் சார்ட்டோடும் ஒப்பிட வேண்டும். காலையில் பார்த்த அதே ஆளாக இருந்தாலும் மத்தியானம் மறுபடி கேட்க வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும். கேளுங்கோ.

அலர்ஜி இருக்கிறது என்றால், எந்த மருந்து, என்ன ஆனது என்றும் கேளுங்கோ. வயிற்றைக் குமட்டியதா, தொண்டை வீங்கியதா என்பது பெரிய வித்தியாசம். சர்ஜிக்கல் வார்டில் டாசோசின், கோ-அமாக்சிக்ளாவ், ஃப்ளூக்ளாக்சசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் மூன்றும் ஓடும். மூன்றும் பென்சிலின் குடும்பம்தான், பெயரைப் பார்த்தால் சட்டென்று பிடிபடாது. கோ-கோடமோல் வலி மாத்திரையும் அப்படித்தான், ஒரு மாத்திரைக்குள் 500 மி.கி. பாரசிட்டமால் இருக்கிறது. சார்ட்டில் ஒரு பக்கம் பாரசிட்டமால் நேரத்துக்கு நேரம், இன்னொரு பக்கம் தேவைப்பட்டால் கோ-கோடமோல் என்று எழுதியிருப்பார்கள். இரண்டையும் கொடுத்தால் 24 மணி நேரத்தில் 4 கிராம் என்ற எல்லை தாண்டிவிடும். மெலிந்த உடம்பு, 50 கிலோவுக்குக் கீழே என்றால் அந்த 4 கிராமே கூடுதலாக இருக்கலாம், டாக்டரைக் கேளுங்கோ. தேர்வு வைப்பவர்கள் இதை வேண்டுமென்றே வைப்பதும் உண்டு.

இந்தியாவில் இருந்து வருகிறவர்கள் தடுமாறும் இடம் இன்னொன்று, அளவுகள். அங்கே ரத்தச் சர்க்கரை மி.கி. கணக்கு, இங்கே மில்லிமோல். மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் உங்கள் பழைய கணக்கு வரும். இங்கே 4க்குக் கீழே போனால் ஹைப்போ (சர்க்கரை தாழ்வு), அதாவது உங்கள் கணக்கில் 72. மீட்டரில் 9 என்று வந்தால் பதறாதீங்கோ, அது 162. அங்கே ஒரு மி.லி.க்கு 40 யூனிட் இன்சுலின் குப்பி உண்டு, அதற்கென்றே தனி சிரிஞ்சு. இங்கே வழக்கம் 100 யூனிட், சில இன்சுலின் பேனாக்களில் 200, 300கூட இருக்கும். ஆகவே பேனாவுக்குள் சிரிஞ்சைக் குத்தி உறிஞ்சவே கூடாது. யூனிட் என்று முழுதாக எழுத வேண்டும். ஆங்கில எழுத்து யு மட்டும் போட்டால் அவசரத்தில் பூஜ்யமாகத் தெரியும், 4 யூனிட் 40 ஆகிவிடும். மைக்ரோகிராமும் அப்படியே, சுருக்கக் கூடாது. இதய மருந்து டிகாக்சின் 125 மைக்ரோகிராம் என்றால் 0.125 மி.கி. கொடுக்கும் முன் நாடி பார்த்து, 60க்குக் கீழே என்றால் நிறுத்தி டாக்டரிடம் சொல்லுங்கோ.

மாத்திரை வாய்க்குள் போய் விழுங்கும்வரை நில்லுங்கோ, பிறகுதான் கையெழுத்து. டீக்குப் பிறகு என்றால் மாத்திரையும் உங்களோடு திரும்பி வரும், டீ முடிந்த பிறகு நீங்கள் மறுபடி போவீர்கள். வேண்டாம் என்றால் மறுத்தார் என்ற குறியீட்டைப் போட்டு நர்ஸ் இன்சார்ஜிடம் சொல்லுங்கோ. விழுங்க முடியாதவருக்கு எம்.ஆர். என்று போட்ட மாத்திரையை நசுக்கிக் கொடுக்காதீங்கோ. மெல்ல மெல்ல வெளிவர வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். எங்களைக் கூப்பிட்டால் திரவமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வோம்.

புதுவரவு:
அண்ணா, நன்றி. ஊரில் இப்படி ஒவ்வொருவரிடமும் நின்றால் ரவுண்டு சாயங்காலம்தான் முடியும். கணக்கு கேட்டால்? பதற்றத்தில் எனக்குக் கூட்டல்கூட வராது.

மிட்லண்ட்ஸ்_அக்கா:
வேண்டிய அளவைக் கையில் இருக்கிற அளவால் வகுத்து, அது எத்தனை மி.லி.யில் இருக்கிறதோ அதால் பெருக்கு. 75 மி.கி. எழுதியிருக்கிறது, ஊசி மருந்துக் குப்பியான ஆம்பூலில் 2 மி.லி.க்கு 100 மி.கி. என்றால் 1.5 மி.லி. தாளில் எழுதிப் போடு, மனக்கணக்கு வேண்டாம். விடை ஒரு ஆம்பூலுக்கு மேல் வந்தால் நின்று யோசி. அதில் தப்பே இல்லாமலும் இருக்கலாம், ஆனால் நாலைந்து ஆம்பூல் உடைக்க வேண்டி வந்தால் கணக்கில்தான் ஏதோ கோளாறு.

விசா பற்றிச் சொல்கிறேன். வேலையும் ஸ்பான்சர்ஷிப்பும் இருக்கிறவரை, மேற்பார்வையில் மருந்து கொடுப்பதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. புதிதாக வந்தவர்களில் பாதிப்பேர் இதைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். வார்டில் நர்ஸ்களுக்குப் பயிற்சி தரும் பிராக்டிஸ் எஜுகேட்டர் என்று ஒருவர் இருப்பார், நாளைக்கே போய் வியாழக்கிழமை ஒரு ரவுண்டு கூட வரச் சொல்லிக் கேள். யூனியனில் சேரவில்லை என்றால் சேர்ந்துவிடு, அது தனி விஷயம்.

இன்னொன்று. ரவுண்டைப் படுக்கை வரிசைப்படி தொடங்காதே. பார்க்கின்சன் நோயாளி யாராவது இருந்தால் அவர் மருந்து நேரம் தவறக் கூடாது, அரை மணி தள்ளினாலே உடம்பு இறுகிவிடும். சாப்பாட்டுக்கு முந்தைய இன்சுலினும் அப்படித்தான். இவர்களை முதலில் பார்த்துவிட்டு, ஏன் இந்த வரிசை என்று கூட வருபவரிடம் வாய்விட்டுச் சொல். மனசுக்குள் சரிபார்த்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

புதுவரவு:
சரி அக்கா. கடைசியாக ஒன்று. இன்சுலினுக்கு இரண்டாவது ஆள் வேண்டுமா, வேண்டாமா?

யாழ்_பார்மசிஸ்ட்:
அக்கா சொன்னதும் நெல்லை சொன்னதும் இரண்டுமே அவரவர் இடத்தில் சரி. உங்கள் ஆஸ்பத்திரியின் மருந்துக் கொள்கை வார்டு கம்ப்யூட்டரில் இருக்கும். அதில் இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் இருக்கும். பூட்டி வைக்கிற மார்ஃபின் வகைகளும் அதில் வரும். இன்றைக்கு டூட்டி முடியும் முன் அந்தப் பக்கத்தை அச்சடித்து எடுங்கோ. சந்தேகம் இருந்தால் இங்கே கேளுங்கோ, வியாழன் இரவு பார்ப்பேன்.