அக்கி ஆறிவிட்டது, சேலை பட்டால் இன்னும் எரிகிறதே!

குடும்பத் தலைவி:
கொப்புளம் காய்ந்து பொருக்கும் உதிர்ந்துவிட்டது. ஆனால் வலது விலாவில் முந்தானை உரசினாலே உயிர் போகிறது. மின்விசிறிக் காற்றுகூட ஆகவில்லை. விசித்திரம் என்னவென்றால், அதே இடத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டால் தாங்க முடிகிறது. வீட்டில், "புண்தான் ஆறிவிட்டதே, இன்னும் என்ன?" என்கிறார்கள். வேறு யாருக்காவது இப்படி இருந்ததா?

பிசியோதெரபிஸ்ட்:
அக்கா, என்னிடம் வருபவர்களில் பலர் இதையேதான் சொல்கிறார்கள். வீட்டாரை இதைப் படிக்கச் சொல்லுங்கள். தொடுதலைச் சொல்லும் தடித்த நரம்பிழைகளில் செய்தி நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் பாயும். எரிச்சலைச் சொல்லும் மெல்லிய இழைகளில் 2 மீட்டரைத் தாண்டாது. இரண்டும் தண்டுவடத்தின் பின்பகுதியான பின்கொம்பில் வந்து சேர்கின்றன. தொடுதல் வலியின் பாதையில் நுழைந்துவிடாதபடி, அங்குள்ள சிறு நரம்பணுக்கள் கிளைசின், காபா என்ற வேதிப்பொருள்களைச் சுரந்து தடுக்கின்றன. அக்கியால் நரம்பு பாதிக்கப்பட்டு இந்தக் காவல் தளர்ந்தால் சேலை உரசல்கூட வலியாகவே மூளைக்குப் போகும். எட்டிக்கொட்டையின் நஞ்சான ஸ்டிரிக்னின் கிளைசினின் வேலையைத் தடுத்துவிடும். அதை எலிகளின் தண்டுவடத்தில் செலுத்தியபோது, முடியை லேசாகத் தடவியதற்கே அவை துடித்தன. தோலில் ஒரு கீறல்கூட இல்லை!

அசையாத அழுத்தத்துக்கு அந்தத் தடித்த இழைகளில் பல சீக்கிரம் பழகி அடங்கிவிடும். உரசலோ அவற்றை மீண்டும் மீண்டும் தூண்டிக்கொண்டே இருக்கும்.

இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்தால் வலி குறைவதும் இதே பின்கொம்பின் வேலைதான். தொடுதல் அங்கே வலியை அடக்குகிறது. 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் இதை 'வாயில்' கோட்பாடாக எழுதினார்கள். அவர்கள் வரைந்த சுற்றில் சில இணைப்புகள் பிறகு தவறென்று தெரியவந்தன. ஆனால் தண்டுவடமே வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்ற மையக் கருத்து இன்றும் நிற்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தம்பி சொல்வது சரி. எனக்கு அக்கி வந்தது நெற்றியில். தலை சீவவே அஞ்சினேன். டாக்டர் காபாபென்டின் என்ற நரம்புவலி மருந்து கொடுத்தார். பெயரில் காபா இருந்தாலும் அது பிடிப்பது நரம்பு முனையில் உள்ள கால்சியம் நுழையும் வழிகளைத்தானாம். வலி பாதியாவது குறைந்தது. தூக்கமும் தள்ளாட்டமும் கூடவே வந்தன. அதனால் இரவில் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டினார். அம்மா, நீங்களாக வாங்கிப் போடவும் வேண்டாம், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். டாக்டரிடம் போகும்போது "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், உரசினால் எரிகிறது, அழுத்தினால் தாங்குகிறது என்று இங்கே எழுதியபடியே சொல்லுங்கள்.