காப்பீட்டில் இடைநீக்கம்: காரைக்குடிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி எப்படித் தாக்குப்பிடிக்கும்?

(மூவர் வாதம்; அவரவர் ஏரியாவே இங்கே பெயர்.)

கழனிவாசல்:
50 படுக்கை, மாத வரவு 40 லட்சம், அதில் 26 லட்சம் முதலமைச்சர் காப்பீட்டுப் பணம் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவக் கழிவு பிரிப்பும் கேஸ் ஷீட்டும் (நோயாளியின் சிகிச்சைப் பதிவு) சரியில்லை என்று திட்டத்திலிருந்து இடைநீக்க நோட்டீஸ் வந்துவிட்டது. என் வாதம்: திட்டத்தையே தலைமுழுகிவிட்டு ரொக்கம், தனியார் பாலிசி என்று மாறிவிட வேண்டும்.

செக்காலை:
ரொக்கம் எங்கிருந்து வரும் அண்ணே? கையில் காசுள்ளவர் மதுரைக்குப் பஸ் ஏறிவிடுவார். முதல் பணம் ரெக்கார்டு ரூமில்தான் கிடக்கிறது. இடைநீக்கத்துக்கு முன் காப்பீட்டு ஒப்புதல் வாங்கிச் சிகிச்சை முடித்த கேஸ்களைத் தனியாக எடுங்கள். பெரும்பாலும் பணம் நிற்பது சின்னச் சின்னக் காகிதத்தால்: ஆபரேஷனுக்குப் பிந்தைய எக்ஸ்ரே இருக்காது, டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்து இருக்காது. எலும்பில் வைத்த பிளேட்டின் ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஏறாமல் டப்பாவோடு குப்பைக்குப் போயிருக்கும். சப்ளையர் பில்லில் பேட்ச் எண் இருந்தால் விளக்கக் கடிதத்தோடு அதை வைத்துப் பார்க்கலாம். இல்லாத ஸ்டிக்கரை மட்டும் உண்டாக்கிவிடாதீர்கள். இப்போது குறை, அப்போது மோசடி.

கழனிவாசல்:
கிளெய்ம் பணம் என்றைக்கு வரும்? சம்பளம் 7ஆம் தேதி. வங்கி ஓவர்டிராஃப்ட் (ஓடி) கணக்கை நம்பவும் முடியாது. நமக்கு வர வேண்டியதில் 90 நாள் தாண்டிய பாக்கியைப் பல வங்கிகள் கணக்கில் சேர்ப்பதில்லை, எடுக்கும் வரம்பு தானாகச் சுருங்கும். ஆகவே முதல் வாரமே மேல்மாடி வார்டைப் பூட்ட வேண்டும். ஏசி, ஜெனரேட்டர் டீசல், இரவு ஷிப்ட் மூன்றும் குறையும். பிளேட் போன்ற இம்பிளான்ட் தரும் சப்ளையரிடம் நாமே போய் 60 நாள் தவணை கேட்க வேண்டும். அவர் ஊரில் கேள்விப்பட்டு வந்தால் ரொக்கம்தான் கேட்பார்.

தேவகோட்டை ரஸ்தா:
மாடியைப் பூட்டுவது சரி. டயாலிசிஸைத் தொடாதீர்கள். வாரம் 2, 3 முறை வருகிறவர்கள், ஒரு முறை தவறினாலே மூச்சு முட்டலாம். காரைக்குடி அரசு மருத்துவமனையிலோ சிவகங்கை மருத்துவக் கல்லூரியிலோ ஆள்வாரியாக இடம் உறுதியான பிறகே அனுப்ப வேண்டும். ஏற்கெனவே படுத்திருக்கும் காப்பீட்டு நோயாளியிடம் ‘திட்டம் நின்றுபோச்சு’ என்று காசு கேட்டால் அடுத்த நோட்டீஸ் அதற்கே வரும்.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் இன்னும் கறார். நோயாளி உயிருக்கு உடனடி ஆபத்து என்று கண்டால் 23 நாளில் ஒப்பந்தம் முறியும், மற்றக் குறைகளுக்கு 90 நாள். ஆனாலும் முறிவுக்கு முன் அட்மிட் ஆனவர்களுக்கு 30 நாள் வரை பணம் உண்டு.

கழனிவாசல்:
அங்கே கதை வேறு தம்பி. இங்கே நோட்டீசுக்குப் பதில் எழுதும் லட்சணம் தெரியாதா? ‘இனி நடக்காது’ என்று நாலு வரி!

செக்காலை:
அதைத்தான் மாற்றச் சொல்கிறேன். ஒவ்வொரு குறைக்கும் என்ன திருத்தினோம், என்றைக்கு, யார் பொறுப்பு, தேதியோடு போட்டோ. கழிவு என்றால் மஞ்சள், சிவப்புப் பைகளில் பார்கோடு, ஊசிக்கு வெள்ளை டப்பா, 48 மணி நேரத்துக்கு மேல் கிடக்கவில்லை என்று காட்டும் எடுத்துச்செல்லும் பதிவேடு. திடீர் ஆய்வுக்கு வருகிறவர் ஃபைலைப் பார்க்குமுன் வார்டு வாளியைத்தான் எட்டிப் பார்ப்பார். சிவப்புப் பையில் ஐவி ட்யூபோடு இட்லிப் பொட்டலமும் கிடந்தால் அத்தனை போட்டோவும் வீண்.

கழனிவாசல்:
சரி, பதிலை அப்படியே எழுதட்டும். 26 லட்சத்தை நம்பி மறுபடி ஆள் எடுப்பதை மட்டும் ஒப்ப மாட்டேன். திரும்பச் சேர்த்தாலும் பாதிக்கு மேல் அந்த வரவில் நிற்கக் கூடாது.

தேவகோட்டை ரஸ்தா:
அது அடுத்த வருஷப் பேச்சு. மாடியைப் பூட்டும்போது அந்த வார்டு ஆக்சிஜன் லைன் வால்வையும் மூடச் சொல்லுங்கள். பூட்டின அறையில் கசிந்தால் சிலிண்டர் காலியாகிற வரை யாருக்கும் தெரியாது.