‘டபுள் ஆக்‌ஷன்’: ஈரியக்கமா, விசையேற்றா?

அன்புள்ள கலைச்சொற் குழுவினர்க்கு வணக்கம்.

கைத்துப்பாக்கி சுடுதலைப் பொழுதுபோக்காகப் பழக வருவோர்க்கும், பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்போர்க்கும் உதவும் சிறு கையேடு ஒன்றைத் தமிழில் பெயர்த்து வருகிறேன். மெய்ப்பை வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தருமாறு புதுச்சேரி அச்சகத்தார் கேட்கிறார்கள். ‘பேரல்’ என்பதைக் குழல் என்றும், ‘சேம்பர்’ என்பதை அறை என்றும், ‘சிலிண்டர்’ என்பதை உருளை என்றும், ‘ரிவால்வர்’ என்பதைச் சுழல்துப்பாக்கி என்றும் எழுதிவிட்டேன். ‘கொல்களிறு’ போல இதுவும் வினைத்தொகையாதலால் இடையில் ஒற்று மிகாது என்பதை மெய்ப்புத் திருத்துநர்க்கும் விளக்கியாயிற்று.

எஞ்சியிருப்பவை ‘சிங்கிள் ஆக்‌ஷன்’, ‘டபுள் ஆக்‌ஷன்’ என்னும் இரண்டு. முதல் வகையில், தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் சுத்தியலைச் சுடுபவர் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். விசை (‘டிரிகர்’) அதனை விடுவிக்க மட்டுமே செய்யும். இரண்டாம் வகையில், விசையை அழுத்த அழுத்தச் சுத்தியல் பின்னே சென்று, உருளை ஓர் அறை சுழன்று, முடிவில் சுத்தியல் விடுபட்டுப் பாயும். ‘ஒருவினை’, ‘இருவினை’ என்று ஒரு நண்பர் முன்மொழிந்திருக்கிறார். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி

*

அன்புடையீர்,

‘இருவினை’ வேண்டவே வேண்டாம். ‘இருள்சேர் இருவினையும் சேரா’ என்று ஐந்தாம் குறளிலேயே படித்த மாணவர்க்கு அச்சொல் நல்வினை தீவினைகளையன்றி வேறெதையும் நினைவூட்டாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒரு பொருளில் நிலைத்துவிட்ட சொல்லைப் பெயர்த்தெடுத்து ஓர் எந்திரத்தின் மேல் வைப்பது முறையன்று.

ஆயினும், ‘வினை’ என்னும் சொல் நம்மை இலக்கணத்தின் பக்கம் திருப்பியது நல்லதே. ஏறு என்பது தன்வினை, ஏற்று என்பது பிறவினை. முதல் வகையில் சுடுபவர் சுத்தியலை ஏற்றுகிறார். இரண்டாம் வகையில் விசை அழுந்த அது தானே ஏறுகிறது. சுத்தியல் என்னும் கொல்லுப்பட்டறைச் சொல்லுக்கும் இங்கே தேவையில்லை. துப்பாக்கியின் அவ்வுறுப்பைக் ‘குதிரை’ என்று சொல்லும் வழக்கு நம்மிடம் ஏற்கெனவே உண்டு. குதிப்பது குதிரை. விடுபட்டுப் பாயும் உறுப்புக்கு இதனினும் பொருத்தமான பெயர் எது? எனவே முதல் வகை ‘ஏற்றுகுதிரை’, இரண்டாம் வகை ‘ஏறுகுதிரை’. இரண்டும் வினைத்தொகைகள்; ஓர் எழுத்தின் வேறுபாட்டில் பொருள் முழுவதும் அடங்கிவிடுகிறது.

எறிபடைகளுக்குப் பெயரிட நாம் அயலாரிடம் கற்க வேண்டியதில்லை. மதுரை மதிலில் இருந்த படைக்கலங்களை ‘வளைவிற் பொறியும்’ என்றும் ‘கல்லுமிழ் கவணும்’ என்றும் சிலம்பு அடுக்கிச் சொல்கிறது. வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளும் உறுப்புக்கு ‘உமிழி’ என்று பெயரிட அந்த ஒரு தொடரே போதும். ‘புல்லட்’ என்பதற்குக் ‘குண்டு’ என்பதையே கொள்க. 1690இல் தேவனாம்பட்டினக் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவுவரை உள்ள ஊர்களையும் தமதாக்கிக்கொண்டதனால் ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயர் வந்தது. எங்கள் கடலூர்ப் பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் இன்றும் வழங்குகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கடலூர்

*

ஐயா அவர்களுக்குப் பணிவான வணக்கம்.

‘உமிழி’யை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். ‘குதிரை’யை ஏற்க இயலவில்லை. எங்கள் சுடுகளத்தில் பழக வரும் இளைஞர்களிடம் குதிரை எது என்று கேட்டால், ஒரு பாதியினர் சுத்தியலைக் காட்டுவார்கள். மறுபாதியினர் விசையைக் காட்டுவார்கள். குறி பார்க்கும் வரை விரல் விசையின்மேல் படக்கூடாது என்பதே முதல் நாள் பாடம். அந்தப் பாடத்தில் இருபொருள் தரும் சொல்லுக்கு இடமே இருக்கக்கூடாது. ஏறு, ஏற்று என்பவற்றின் வேறுபாடு ஏட்டில் அழகாக இருக்கிறது. காதடைப்பான் அணிந்து நிற்பவர்க்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும்.

சொல்லாக்கத்துக்கு முன் வரலாற்றைப் பார்க்க வேண்டும். சாமுவேல் கோல்ட் 1836இல் காப்புரிமை பெற்ற சுழல்துப்பாக்கி கட்டைவிரலால் ஏற்றப்படுவது. இங்கிலாந்தில் இராபர்ட் ஆடம்ஸ் 1851இல் செய்தது இதற்கு நேர்மாறானது: விசையே ஏற்றும், விசையே விடுவிக்கும், சுத்தியலில் கட்டைவிரல் பிடிப்பதற்கான கொக்கி கிடையாது. 1856இல் போமான்ட் செய்த மாற்றத்தினால் ஒரே துப்பாக்கியை இரு முறைகளிலும் சுட முடிந்தது. ஆகவே ‘டபுள்’ என்பதில் இரட்டிப்பது எது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. விசை செய்யும் வேலைகள் இரண்டு என்பது ஒன்று. சுடும் முறைகள் இரண்டு என்பது மற்றொன்று. ஆங்கிலத்திலேயே தெளிவில்லாத எண்ணைத் தமிழுக்குக் கொண்டுவருவதால் என்ன பயன்? எது ஏற்றுகிறது என்பதைச் சொல் காட்ட வேண்டும். கட்டைவிரலால் ஏற்றுவது ‘கையேற்று’, விசையால் ஏற்றுவது ‘விசையேற்று’, இரண்டும் கூடுவது ‘இருவழியேற்று’ என்று நான் முன்மொழிகிறேன்.

இது வெறும் சொல்லழகைப் பற்றிய வழக்கன்று. பல சுழல்துப்பாக்கிகளில் விசையேற்று முறையில் சுட, விரல் ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ அழுத்தம் தர வேண்டும். சுத்தியல் முன்பே ஏற்றப்பட்டிருந்தால் 2 கிலோவுக்கும் குறைவே போதும். கை நடுங்கும் புதியவருக்கு இந்த வேறுபாடு உயிர் போகும் செய்தி. 1873ஆம் ஆண்டின் கோல்ட் துப்பாக்கியில் ஆறு அறைகள் இருந்தும் ஐந்தில் மட்டுமே தோட்டா இட்டு, சுத்தியலை வெற்றறையின்மேல் இறக்கி வைக்கும் பழக்கம் இருந்ததும், சுத்தியலில் அடிபட்டால் தானே வெடித்துவிடுமோ என்ற அச்சத்தினால்தான்.

சேகரிப்போரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். படைக்கலச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவர் உரிமத்தோடு வைத்திருக்கக்கூடிய சுடுகலன்கள் இரண்டே. எனவே நம்மில் பெரும்பாலோர் பழைய துப்பாக்கிகளைக் கையால் அல்லாமல் ஏட்டால்தான் அறிகிறோம். பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்த சொல்தாக்கள் வாழ்ந்த புதுச்சேரியில், அப்படையின் அலுவலர்கள் இடுப்பில் அணிந்த 1892ஆம் ஆண்டு மாதிரிச் சுழல்துப்பாக்கியை அறிய விரும்புவோர் பலர். 8 மில்லிமீட்டர்த் தோட்டா, ஆறு அறைகள், வலப்புறமாகத் திறக்கும் உருளை என்று எழுதிவிட்டு ‘இருவழியேற்று’ என்று ஒரு சொல் சேர்த்தால், அதைத் தொட்டே பார்த்திராதவருக்கும் அது இயங்கும் விதம் விளங்கும்.

சுடுதல் பயிற்றுநர், புதுச்சேரி

*

நண்பர்களே,

பயிற்றுநரின் விளக்கம் அருமை. ஆனால் அவருடைய சொல்லிலும் அவர் அஞ்சும் இடர் இருக்கிறது. ‘குண்டு ஏற்றிய துப்பாக்கி’ என்பது அன்றாட வழக்கு. ‘கையேற்று’ என்று படிப்பவர், தோட்டாவைக் கையால் ஏற்றுவது என்றே கொள்வார். மேலும், 1929இல் வெளிவந்த வால்தர் பிபி போன்ற, உருளையில்லாத கைத்துப்பாக்கிகளில் முதற்குண்டுக்கு மட்டுமே விசை சுத்தியலை ஏற்றுகிறது. அடுத்தடுத்த குண்டுகளுக்கு, பின்னே பாயும் மேற்சட்டமே (‘ஸ்லைடு’) அதனை ஏற்றிவிடுகிறது. அதை எந்த ஏற்றில் சேர்ப்பது? ‘ஓரியக்கம்’, ‘ஈரியக்கம்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, விளக்கத்தை அடுத்த வரியில் தருவதே நல்லது. ஈருருளி என்னும் சொல் பழகிவிட்ட நமக்கு ஈரியக்கம் நாவில் தடுக்காது.

பொறியியல் கல்லூரி விரிவுரையாளர், கடலூர்

*

ஈரியக்கத்துக்கு என் இசைவைத் தெரிவிக்கிறேன். இரண்டைக் குறிக்கும் ‘ஈர்’ உயிர்முதற் சொல்லின் முன் வருவதோடு, இழுத்தலைக் குறிக்கும் ‘ஈர்’ என்னும் வினையும் அதில் ஒலிக்கிறது. விசையை ஈர்த்து இயக்குவது என்று பிரித்தாலும் பொருந்துவது நற்பேறு. எனினும் பின்னிணைப்பில் ‘குதிரை’ ஒரு வரியேனும் இடம்பெற வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கடலூர்

*

அனைவர்க்கும் நன்றி. நாளை காலை மெய்ப்பு அச்சகத்துக்குச் செல்கிறது. தலைப்புகளில் ஓரியக்கம், ஈரியக்கம் என்றே வரும். முதன்முறை வருமிடத்தில் ‘சிங்கிள் ஆக்‌ஷன்’, ‘டபுள் ஆக்‌ஷன்’ என்பவை பிறைக்குறிக்குள் இடம்பெறும். பாதுகாப்பு இயலில் மட்டும், சுத்தியல் ஏற்றப்பட்ட நிலை எது, ஏற்றப்படாத நிலை எது என்பதை முழு வாக்கியங்களாகவே எழுதியிருக்கிறேன். ‘உமிழி’ ஏற்கப்பட்டது. ‘குதிரை’ பின்னிணைப்பில் ‘சுத்தியலின் பழைய பெயர்’ என்ற குறிப்போடு வரும்.

மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி

*

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. ஈரியக்கம் என்று படித்துவிட்டு வரும் மாணவர் ‘எந்த இரண்டு?’ என்றுதான் கேட்பார். விசை, சுத்தியல் ஆகியவற்றின் பெயரைச் சொல்லாமல் அதற்கு விடை சொல்ல முடியாது. சுடுகளத்தில் நான் ‘விசையேற்று’ என்றே சொல்லித் தருவேன். ‘தோட்டா ஏற்று’ என்பதோடு மயங்காதிருக்க, அங்கே ‘தோட்டா இடு’ என்று மாற்றிக்கொள்கிறேன். அடுத்த பதிப்பு வரும்போது இதனை மீண்டும் எழுப்புவேன்.

சுடுதல் பயிற்றுநர், புதுச்சேரி