2019-ல் ஓட்டு, 2022-ல் விரட்டல்: ஜனங்கள் தெருவுக்கு வருவதை எப்படிப் புரிந்துகொள்வது?

கோத்தகிரி மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். பி.ஏ. வரலாறு இரண்டாம் வருடம் படிக்கிறேன். எங்கள் பாட்டி இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளிகளின் வரிசை வீட்டில்) பிறந்தவர், தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இங்கே நீலகிரியில் அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர். 2022 ஜூலை 9 அன்று கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனங்கள் நுழைந்ததை டிவியில் பார்த்தபோது பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. 2019 நவம்பரில் 52 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்த ஜனாதிபதி கோத்தபய ராஜபக்சவை மூன்று வருடம் முடியும் முன்னே நாட்டை விட்டே ஓடவைத்தார்களே, அது எப்படி? புத்தகத்தில் காரணங்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காரணங்கள் முன்பும்தானே இருந்தன?

குன்னூர் வாத்தியார் (ஓய்வு):
ஒரே கஷ்டம் எத்தனை விதமான ஆட்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது என்று பாரம்மா, பாதி விளங்கிவிடும். 2022-ல் பெட்ரோல், கேஸ், பால்மாவு எல்லாவற்றுக்கும் வரிசை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. டாக்டரும் ஆட்டோக்காரரும் ஒரே பெட்ரோல் பங்கில் ராத்திரி முழுக்க நின்றால் பேசாமலா இருப்பார்கள்? பிரான்சில் 1789 அக்டோபர் 5 அன்று ரொட்டி கிடைக்காத சந்தைப் பெண்கள்தான் பாரிஸிலிருந்து வெர்சாய் வரை மழையில் நடந்துபோய், மறுநாள் ராஜாவையே கையோடு கூட்டிவந்தார்கள். இலங்கையிலேயே இதற்கு முன்னோட்டம் உண்டு. 1953-ல் ஒரு படி அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது, ஆகஸ்ட் 12 அன்று ஹர்த்தால், இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

கொழுந்து விவசாயி, கோத்தகிரி:
சார் சொன்னதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு 2023-ல் நட்டக்கல்லில் உண்ணாவிரதம் இருந்தோம், ஹட்டி ஹட்டியாக (படகர் ஊர் ஊராக) ஆட்கள் வந்தார்கள். பறிகூலிக்கே பத்தாத விலைக்கு ஃபேக்டரியில் கொழுந்தைப் போட்டுவிட்டு வந்தவர்கள் எல்லோரும். ஆனால் டீத்தூள் வாங்கிக் குடிக்கிறவருக்கு எங்கள் விலை இறங்கியதே தெரியாது, அப்புறம் எங்கே வந்து நிற்பார்? அங்கே இலங்கையில் 2021-ல் ரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடை செய்தபோது முதலில் கத்தியதும் விவசாயிகள்தான். நெல் விளைச்சல் விழுந்து, டாலரும் தீர்ந்து, அடி கொழும்புக்காரர் அடுப்பு வரை போன பிறகுதான் கொழும்பில் போராட்டக்காரர்கள் கூடிய காலிமுகத்திடல் நிறைந்தது.

கூடலூர் வாசகன்:
எல்லாவற்றையும் வயிற்றோடு முடிச்சுப் போடாதீர்கள், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1965 ஜனவரியில் நம் மாணவர்கள் வரிசையில் நின்றா கிளம்பினார்கள்? 15 வருடத்துக்குப் பிறகு இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்று அரசியல் சட்டத்திலேயே இருந்தது, அந்த ஜனவரி 26 எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். 1963 சட்டம் ஆங்கிலம் தொடரலாம் என்றது, தொடரும் என்று உறுதி சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு தலைமுறையின் வேலையும் மானமும் மாட்டிக்கொண்டிருந்தது. 1964-லேயே கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்துவிட்டார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் அது திடீர். தெருவில் எழுந்த அந்தக் கோபம் 1967-ல் ஓட்டுப்பெட்டியில் போய் விழுந்தது, அதையும் சேர்த்துப் படியுங்கள்.

குன்னூர் வாத்தியார் (ஓய்வு):
சரி, ஒத்துக்கொள்கிறேன், மொழியும் எல்லோரையும் ஒன்றாக நிறுத்தும். அம்மா, நீ இதைத் திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். இலங்கையின் 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து தோட்டத் தமிழர் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். மறு வருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது, லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளிகள் நாடற்றவர்கள் ஆனார்கள், அப்புறம் ஓட்டும் போயிற்று. 1952-ல் அவர்கள் சத்தியாகிரகம் செய்தார்கள். அரிசிக்காக மறு வருடம் நாட்டையே நிறுத்தியவர்கள் இவர்களுக்காக அப்படி நிறுத்தவில்லை. மலைமேல் லயத்தில் நடப்பது கீழே டவுனுக்குத் தன் வீட்டு விஷயமாகப் படவில்லை. 1964 அக்டோபர் 30 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று இரண்டு பிரதமர்கள் எழுதினார்கள், போகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லை. எழாத போராட்டத்தையும் வரலாற்று மாணவி படிக்கத்தான் வேண்டும். பாட்டியிடம் கேட்டுப் பார்.

கோத்தகிரி மாணவி:
நேற்று ராத்திரி கேட்டேன் சார். தோட்டத்தை விட்டுக் கிளம்பிய அன்று டவுனிலிருந்து கடைக்காரர் ஒருவர் மட்டும் வந்தாராம், பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போகச் சொல்ல. பாட்டியின் அப்பா கொடுத்துவிட்டுத்தான் லாரி ஏறினாராம். அந்த டிவியைப் பார்த்தபோது என்ன நினைத்தாய் என்றேன். "இத்தனை பேரும் அப்ப எங்கடி இருந்தாங்க" என்றார். இப்போது அவர் சொல்வதை போனில் பதிவு செய்துகொண்டு இருக்கிறேன், கொழுந்து பறிக்கப் போன முதல் நாளிலிருந்து.