மகளின் ஜாமெட்ரி பாக்ஸில் 17 சத்து மாத்திரை! கட்டாயப்படுத்தலாமா?

தறிச்சத்தம்:
வணக்கம். ஈரோடு பக்கம் கிராமம். மகளுக்கு 13 வயது, அரசுப் பள்ளியில் எட்டாவது. வியாழக்கிழமை தோறும் வகுப்பில் நீல நிறச் சத்து மாத்திரை ஒன்று கொடுக்கிறார்கள், இவளும் விழுங்கிவிடுகிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று பென்சில் தேடப் போய் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தால், அட்டையிலிருந்து வெட்டிக் கொடுத்தபடியே 17 மாத்திரை கிடக்கிறது. கேட்டால் குமட்டுகிறது, வயிறு வலிக்கிறது, கருப்பாக வெளிக்குப் போகிறது என்கிறாள். கூடப் படிக்கும் பெண் ஒருத்தி, இது பின்னாடி குழந்தை பிறக்காமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை என்று வேறு சொல்லி வைத்திருக்கிறாள். மாமியார் பங்குக்கு, "பிள்ளை கறுத்துப் போயிருவா, வேண்டாம்" என்கிறார். ஆனால் இவள் சாயங்காலம் வந்ததும் பையைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறாள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வயசுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் 3 வயதுப் பையனும் இருக்கிறான், தறி ஓட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்க்க முடியவில்லை. மாத்திரையைக் கட்டாயப்படுத்திக் கொடுக்கலாமா, இல்லை முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று பார்த்துக்கொள்ளலாமா?

கொல்லிமலைத்தேன்:
விட்டுவிடுங்கள் அக்கா. என் பெண்ணும் சாப்பிட்டதே இல்லை. தினமும் நாலு பேரீச்சம்பழம், பீட்ரூட் ஜூஸ், நன்றாகத்தான் இருக்கிறாள். இலவசமாகக் கொடுத்தால் எதையும் விழுங்கிவிட வேண்டுமா என்ன?

பழைய_நர்சம்மா:
தறிச்சத்தம், மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த 17 மாத்திரையையும் இன்றைக்கே எடுத்துப் பூட்டி வையுங்கள். மூன்று வயதுப் பையனுக்கு அது நீல மிட்டாய். இரும்பு மாத்திரை சின்னப் பிள்ளைகளுக்கு விஷம், நாலைந்து விழுங்கினாலே ஆபத்து. விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தால்கூட, வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிதான். பெரிய பிள்ளைகளுக்கும் இதேதான். 2023இல் உதகையில் பள்ளிப் பிள்ளைகள் பந்தயம் கட்டி அள்ளி விழுங்கியதில் ஒரு மாணவி இறந்தே போனாள். வாரத்துக்கு ஒன்று என்றால் மருந்து, சேர்த்து வைத்தால் கதை வேறு.

இப்போது உங்கள் கேள்வி. 32 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். சேர்ந்த காலத்தில் எங்களுக்கு வேலை என்றால் கர்ப்பிணி, பிரசவம், கைக்குழந்தை, தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, அவ்வளவுதான். தடுப்பூசி அட்டை முடிந்த பெண் பிள்ளையை அடுத்து எங்கே பார்ப்போம் தெரியுமா? வயிற்றில் ஐந்து மாதத்தோடு வந்து நிற்கும்போது. ரத்தம் குத்திப் பார்த்தால் ஹீமோகுளோபின், அதாவது ரத்த அளவு, 8தான் இருக்கும். பத்து வயதிலிருந்து காலியாகிக்கொண்டு வந்த பானையை மிச்சம் இருக்கிற நாலு மாதத்தில் நிரப்பு என்றால் நான் எங்கே போவேன்? அந்த இடைவெளிக்குத்தான் 2012-13 வாக்கில் நாடு முழுக்க வாரம் ஒரு மாத்திரை என்று கொண்டு வந்தார்கள். 10 முதல் 19 வயதுக்கு இந்த நீல மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். 5 முதல் 9 வயதுக்கு இளஞ்சிவப்பு, கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு. ஆண் பிள்ளைகளுக்கும் உண்டு, அதனால் கருத்தடை மாத்திரை என்ற கதைக்கு வேலையே இல்லை, அந்தத் தோழிக்கும் இதைச் சொல்லச் சொல்லுங்கள். மலம் கருப்பாவது உடம்பில் சேராத இரும்பு வெளியே போவது. தோல் கறுக்காது.

கொல்லிமலைத்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முருங்கைக்கீரை வேண்டாம் என்று யார் சொன்னது? எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிட்டால் இன்னும் நல்லது. ஆனால் கீரையில் இருக்கிற இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். நாலு பேரீச்சம்பழத்தில் கிடைப்பதும் கொஞ்சம்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15-19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்கள் பெண்ணுக்கு ரத்தம் பார்த்தீர்களா? வெளியே பார்த்தால் எல்லாரும் நன்றாகத்தான் இருப்பார்கள்.

தறிச்சத்தம், மகளிடம் திட்டாமல் மூன்று விஷயம் கேளுங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகிறாளா, டீ எப்போது குடிக்கிறாள், தூரம் எத்தனை நாள் இருக்கிறது.

சாக்பீஸ்தூள்:
நடுநிலைப் பள்ளி ஆசிரியர். எங்கள் தவறையும் சொல்லிவிடுகிறேன். நிறையப் பள்ளிகளில் வருகைப் பதிவு எடுக்கும்போதே மாத்திரையையும் நீட்டிவிடுகிறோம், கையில் கொடுத்தால் கணக்கு முடிந்தது. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு சரி. எட்டாவது படிக்கிற பிள்ளை பஸ்ஸைப் பிடிக்க வெறும் வயிற்றோடு ஓடி வந்திருக்கும், அதில் இரும்பு போனால் குமட்டாமல் என்ன செய்யும்? ஒரு முறை ஒரு பெண் வாந்தி எடுத்தாள், பத்து நிமிஷத்தில் பதினோரு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து சத்துணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கொடுப்பது, முதலில் நான் ஒன்றை விழுங்கிக் காட்டுவது என்று வைத்திருக்கிறேன்.

தறிச்சத்தம்:
ரொம்ப நன்றிங்க. மாத்திரையை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். நேற்று ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். பள்ளியில் முதல் பீரியடிலேயே கொடுத்துவிடுகிறார்களாம், அன்றைக்கு டீயும் ரெண்டு பிஸ்கட்டும்தான் உள்ளே போயிருக்கும். தூரம் எட்டு ஒன்பது நாள் வரை போகிறதாம், பள்ளியில் மாற்ற இடம் சரியில்லை என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாளாம். ஒரு வருடமாக என்னிடம் இதைச் சொல்லவே இல்லை. எங்கள் ஊர் நர்சம்மாவுக்குப் போன் செய்துவிட்டேன், சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

பழைய_நர்சம்மா:
அந்த எட்டு ஒன்பது நாளைத்தான் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும், வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா என்பதையும் எண்ணிச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் வாரத்துக்கு ஒன்று போதாது, டாக்டர் தினமும் எழுதிக் கொடுப்பார், மூன்று மாதம் போல ஓடும். அதுவரை நீங்களாக எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து மாத்திரை, அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். கடைசியாகப் பூச்சி மாத்திரை எப்போது போட்டாள் என்று பாருங்கள், வருடத்துக்கு இரண்டு முறை பள்ளியிலேயே கொடுப்பார்கள், அதுவும் ஜாமெட்ரி பாக்ஸுக்குப் போயிருக்கலாம். பத்து வயதில் போடுகிற டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் கேட்டு வாருங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பழைய மாத்திரைகளைக் குப்பையில் வீசாமல் சனிக்கிழமை நர்சம்மா கையில் கொடுத்துவிடுங்கள்.

தறிச்சத்தம்:
மாமியார்தான் இப்போது முதல் ஆளாகக் கிளம்புகிறார். அவருக்கும் ரத்தம் பார்க்க வேண்டுமாம்.